கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு முதல் வீடு: தமிழ்நாட்டு லிஸ்ட் வெச்சு கேரளா பேப்பர் பாத்த கேஸ்

புருஷன் கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை, அந்தம்மா பிரைவேட் ஸ்கூல் டீச்சர், ஒரு பையன், கல்யாணம் ஆனதுல இருந்து வாடகை வீடு. அவரு வடகரப்பதி பக்கம், அந்தம்மா பொள்ளாச்சி பொண்ணு. ரெண்டு வீட்டுலயும் பேசறது தமிழ், ஆனா பாலக்காட்டு ஜில்லால பார்டர ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறை ஏரியால வீடுன்னு தேட ஆரம்பிச்சா கைக்கு வர்ற பேப்பர் பூரா மலையாளம். நான் லோன் ஃபைல் ரெடி பண்ணிக் குடுக்கற வேலைல இருக்கறதால இந்த கேஸ் என்கிட்ட வந்துச்சு. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், பேரு வேண்டாம்னாங்க, அதனால ஆளு பேரும் இருக்காது பேங்க் பேரும் இருக்காது.

இத முழுசா எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா நம்ம பார்டர்ல வீடு வாங்கி மாட்டறவங்க நெறைய பேரு பேப்பர் பாக்காம மாட்டறதில்ல, நல்லா பாத்துட்டுதான் மாட்டறாங்க. என்ன பிரச்சினைன்னா பாக்கறது தமிழ்நாட்டுக் கணக்குல. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிட்டா நெலத்தோட ஜாதகம் வேற ரிஜிஸ்டர்ல இருக்கு. அத வாங்கறவங்க கேக்கறதில்ல, விக்கறவங்களும் தானா எடுத்துக் காட்டறதில்ல, பல நேரம் விக்கறவங்களுக்கே தெரியாது.

வீடும் வெலையும்

ஆறரை சென்ட் எடம். 2006-ல கட்டின டெரஸ் வீடு, 1,050 சதுர அடி, ரெண்டு ரூம், பின்னாடி நாலு தென்ன, ஒரு போர். வித்தவரு ரிட்டயர் ஆன பெரியவரு, கோயமுத்தூர்ல மகள் வீட்டோட போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. 28 அரை சொன்னாரு, பேசி 27 லட்சத்துல நின்னுச்சு. புரோக்கர் அண்ணன் ரெண்டு பக்கமும் 2 சதவீதம்.

தமிழ்நாட்டுப் பக்கம் பாக்கலயான்னா, பாத்தாங்க. கே.ஜி.சாவடி, எட்டிமடை பக்கம் டி.டி.சி.பி அப்ரூவ்டுன்னு போர்டு வெச்ச சைட்ட வாங்கினா இவங்க பட்ஜெட்டுல முக்காவாசி மண்ணுக்கே போயிரும், அப்பறம் கட்டறதுக்கு எங்க போறது. கோபாலபுரம் பக்கம் ஒண்ணு அமைஞ்சுது, ஆனா அவருக்கு நைட் ஷிஃப்ட் முடிச்சு வண்டில வர்ற தூரம் ஜாஸ்தி. கடைசில கொழிஞ்சாம்பாறை பக்கம்னு முடிவாச்சு, பையனுக்கு அங்க தமிழ் மீடியம் ஸ்கூலும் இருக்குன்னு அந்தம்மா ஒரு காரணம் சொன்னாங்க, அது நல்ல காரணம்தான்.

அந்தம்மாவோட அண்ணன், அதாவது இவருக்கு மச்சான், பொள்ளாச்சில நாலஞ்சு எடம் வாங்கி வித்தவரு. அவருக்கு மொத ஆட்சேபணையே செலவுதான். "மாப்ளே, அங்க பத்து பர்சென்ட் அழணும், இங்க ஒம்போதுதான்." தப்பில்ல. கேரளால ஸ்டாம்ப் 8, ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2, மொத்தம் 10. தமிழ்நாட்டுல 2023-ல ஃபீஸ் 4-ல இருந்து 2-க்கு எறங்குனதால 7-ம் 2-ம் 9. ஆனா 27 லட்சத்துக்கு அந்த ஒரு பர்சென்ட் 27,000 ரூபா, அதுக்காக எடத்த மாத்தறதுல அர்த்தம் இல்ல. தங்கச்சி பேர்ல போட்டா கொறையுமேன்னு அடுத்து கேட்டாரு. அது 2025 ஏப்ரல்ல இருந்து தமிழ்நாட்டுல பொம்பளைங்க பேர்ல பதியற, 10 லட்சத்துக்கு மேல போகாத சொத்துக்கு குடுக்கற 1 சதவீதச் சலுகை, இங்க அது பேசி பிரயோஜனம் இல்ல.

மச்சானோட லிஸ்ட்

மச்சான் ஒரு நோட்டுப் பக்கத்துல எழுதிட்டு வந்தாரு: மூலப்பத்திரம், வில்லங்கம் 30 வருஷம், பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி (நெல அளவு வரைபடம்), வீட்டு வரி ரசீது, கரண்ட் பில். பொள்ளாச்சில இந்த லிஸ்ட்டுக்கு யாரும் கொறை சொல்ல முடியாது. இங்க ஒவ்வொண்ணா என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

மூலப்பத்திரம் இங்க முன்னாதாரம், பெரியவர்கிட்ட பத்திரமா இருந்துச்சு, 2005-ல அவரு வாங்குன ஆதாரமும் (கிரயப் பத்திரத்துக்கு இங்க ஆதாரம்னு பேரு) அதுக்கு முந்துனது ரெண்டும். வில்லங்கத்துக்கு இங்க குடிக்கட சர்ட்டிபிகேட். அதுல ஒரு வரி மச்சான் தாண்டிப் போயிட்டாரு, ஏன்னா அவரு தேடுனது அடமானம்னு ஒரு வார்த்தை, அங்க இருந்தது கஹான். கேரளால கூட்டுறவு சங்கத்துல நெலத்த ஈடு வெச்சு லோன் எடுத்தா கஹான்னு ஒண்ணு எழுதி சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போகும், அது குடிக்கடத்துல வரும், லோன் முடிஞ்சா கஹான் ரிலீஸுன்னு தனியா இன்னொரு பதிவு வரணும். பெரியவரு எடுத்திருந்தது பழைய லோன், 1.8 லட்சம் பாக்கி. அவரு மறைக்கல, கேட்டவொடனே "ஆமா தம்பி, அட்வான்ஸ் வந்தா அதக் கட்டிரலாம்னு இருந்தேன்"ன்னாரு.

பட்டா கேட்டப்பதான் கொழப்பம். இங்க நம்மூரு மாதிரி பட்டா கெடையாது. வில்லேஜ் ஆபீஸ்ல ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு தண்டப்பேர் நம்பர், ஆதாரம் முடிஞ்சா போக்குவரவு பண்ணி புது ஆளு பேருக்கு மாத்தணும், அப்பறம் அவரு பேர்ல கரம், அதாவது நெல வரி, கட்டின ரசீது வரும், பட்டா செய்யற வேலைல பாதிய அந்த ரசீது செய்யுது. பட்டயம்னு இங்க ஒண்ணு இருக்கு, ஆனா அது வேற சமாச்சாரம், நெலச் சீர்திருத்தத்துல குடியானவருக்கு லேண்ட் ட்ரிபியூனல் குடுத்ததா இருக்கலாம், இல்ல சர்க்கார் நெலத்த பதிச்சுக் குடுத்ததா இருக்கலாம். ரெண்டாவது வகைன்னா இத்தன வருஷத்துக்கு விக்கக்கூடாதுன்னு கண்டிஷன் இருக்கான்னு பாத்தே ஆகணும். இந்த எடத்துக்கு அந்தப் பிரச்சினை இல்ல.

அடுத்தது சிட்டா. தமிழ்நாட்டுல சிட்டா எதுக்குப் பாக்கறோம், நஞ்சையா புஞ்சையான்னு தெரிஞ்சுக்க. இங்க சிட்டான்னு ஒண்ணு குடுக்கறதில்லன்னு புரோக்கர் அண்ணன் சொன்னாரு, உண்மைதான், மச்சான் லிஸ்ட்ல ஒரு கோடு போட்டு அத அடிச்சாரு. அங்கதான் வழுக்குச்சு. பேப்பர் இல்லன்னா அந்தக் கேள்வியும் இல்லன்னு நெனச்சுட்டாங்க. கேள்வி அப்படியே இருக்கு, பதில் மட்டும் வேற புக்குல இருக்கு. எஃப்.எம்.பிக்கு பதிலா லொகேஷன் ஸ்கெட்ச் வாங்குனாங்க, பஞ்சாயத்து வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் சரி, டோக்கன் 50,000 குடுத்துட்டு லோனுக்கு என்கிட்ட வந்தாங்க.

பி.டி.ஆர்

பேசிக் டாக்ஸ் ரிஜிஸ்டர், இங்க எல்லாரும் பி.டி.ஆர்னுதான் சொல்லுவாங்க. வில்லேஜ் ஆபீஸ்ல இருக்கற அடிப்படை வரிப் பதிவேடு. ஒரு சர்வே நம்பர் எந்த இனம்னு அதுல ஒரு காலம் இருக்கும், நெல் வயலா இருந்தா நிலம், வீடு தோட்டமா இருந்தா புரயிடம். என் வழக்கம், ஃபைல் எடுத்தா மொத காரியம் அந்தக் காலம் பாக்கறது, சம்பள சிலிப்புகூட அப்பறம்தான்.

அந்தம்மாவோட வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போனேன். கிளார்க் கம்ப்யூட்டர்ல தண்டப்பேர் நம்பர போட்டுப் பாத்தாரு, அப்பறம் ஒரு சந்தேகத்துக்கு பழைய ரிஜிஸ்டரையும் எடுத்தாரு, ஓரமெல்லாம் பழுப்பேறி தையல் விட்டுப்போன புக்கு, பக்கம் பக்கமா புரட்டாம ஒட்டிக்கிட்ட தாள விரல் நகத்துல பிரிச்சு அந்த சர்வே நம்பர்ல வந்து நின்னாரு. விரல வெச்சு எங்களுக்குத் திருப்பிக் காட்டுனாரு. "நிலமாணு." இவரு என்னப் பாத்தாரு. வீடு இருக்கு, நாப்பது வயசு தென்ன இருக்கு, பஞ்சாயத்து நம்பர் இருக்கு, ரிஜிஸ்டர் மட்டும் அங்க நெல்லு நட்டுட்டிருக்குது.

ஆதாரத்துல என்ன எழுதிருக்குன்னு பாத்தா தென்ன வெச்ச தோட்டமும் அதிலுள்ள வீடும்னு அழகா எழுதிருக்கு. ஆதாரம் விக்கறவரும் வாங்கறவரும் சேர்ந்து சொல்றத எழுதறது, அதுல புரயிடம்னு எழுதிட்டா பி.டி.ஆர் மாறாது. கரம் ரசீத வெச்சும் ஏமாறக் கூடாது, கரம் நிலத்துக்கும் வாங்குவாங்க புரயிடத்துக்கும் வாங்குவாங்க. இருவது வருஷமா கரம் கட்டறேன்னு பெரியவரு சொன்னது நெஜம், அது வேற கேள்விக்கு பதில்.

இது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்

1970-கள்ல கேரளால நெல்லு பரப்பு 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல, அது கொறஞ்சு கொறஞ்சு 2 லட்சத்து சொச்சத்துக்கு வந்துருச்சு. அதனால 2008-ல நெல்வயல் தண்ணீர்த்தட பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க, வயல மூடி வீடு கட்டறத தடுக்க. சட்டம் வந்தப்ப எதெல்லாம் வயல், எதெல்லாம் தண்ணி நிக்கற எடம்னு பஞ்சாயத்து வாரியா சர்வே நம்பரோட பட்டியல் போட்டாங்க, அதான் டேட்டா பேங்க். கிருஷி பவன்ல, அதான் இங்கத்த வேளாண்மை ஆபீஸ்ல, போய் பாக்கலாம்.

இப்ப நிலம்னு இருக்கற ஒரு எடத்துக்கு ரெண்டு விதி. டேட்டா பேங்க்ல பேரு இருந்தா ஒரு விதி, இல்லன்னா ஒரு விதி. இருந்தா, என் அபிப்ராயம், மொத வீடு வாங்கறவங்க அந்த எடத்த விட்டுட்டு அடுத்தத பாக்கறதுதான் நல்லது. தப்பா சேத்துட்டாங்கன்னு ஃபாரம் 5 போட்டு எடுக்கச் சொல்லலாம், கிருஷி ஆபீசர் ரிப்போர்ட்டு, தேவைப்பட்டா 2008-ல அங்க என்ன இருந்துச்சுன்னு சாட்டிலைட் படம்னு போகும், ஜெயிச்சவங்களும் இருக்காங்க, ஆனா வாடகையும் குடுத்துட்டு அதையும் தூக்கிச் சுமக்கறது இந்த மாதிரி குடும்பத்துக்கு ஆகாது.

டேட்டா பேங்க்ல இல்லாம பி.டி.ஆர்ல மட்டும் நிலம்னு இருந்தா, அதாவது 2008-க்கு முன்னாடியே வயல் இல்லாம போன எடம்னா, 2018 திருத்தத்துல வந்த 27 ஏ பிரிவுல இனம் மாத்தலாம். 50 சென்ட்டுக்குள்ளன்னா ஃபாரம் 6. ஃபீஸு 25 சென்ட்டுக்குள்ள இருந்தா இலவசம், ஆனா அந்த 25 சென்ட் கணக்கு 2017 டிசம்பர் 30-ந்தேதி அன்னிக்கு எடம் எப்படி இருந்துச்சோ அத வெச்சு. பெரிய தோட்டத்த அதுக்கப்பறம் துண்டு போட்டு அஞ்சு சென்ட் பத்து சென்ட்டா விக்கறவங்ககிட்ட வாங்கினா இந்த இலவசம் கெடைக்காது. புது லேஅவுட் விக்கறவங்க இத வாய தொறந்து சொல்லி நான் கேட்டதில்ல.

நம்ம கேஸுல கிருஷி பவன்ல பாத்தோம், டேட்டா பேங்க்ல அந்த சர்வே நம்பர் இல்ல. பெரியவரு வாங்குனது 2005, ஆறரை சென்ட் அப்பவே தனியா இருந்துச்சு. ரெண்டும் நல்ல சேதி. இந்த ஏரியா இருக்கற சித்தூர் தாலுகாவோட கெழக்கு ஓரம் மழ மறைவுப் பகுதி, நெல்ல விட தென்னயும் கடலையும்தான் ரொம்ப நாளா, அதனால இந்த மாதிரி ரிஜிஸ்டர்ல மட்டும் வயலா இருக்கற எடம் இந்தப் பக்கம் நெறைய கண்ணுல படும்.

அப்ப மாத்தாமயே வாங்கலாமேன்னு மச்சான் கேட்டாரு, வீடுதான் ஏற்கனவே இருக்கே. நியாயமான கேள்வி. டேட்டா பேங்க்ல இல்லாத நெலத்துல 10 சென்ட்டுக்குள்ள 120 சதுர மீட்டர் வரைக்கும் வீடு கட்ட இனம் மாத்த வேண்டியதில்லன்னு சட்டத்துலயே ஒரு சலுகையும் இருக்கு. இந்த வீடு 97.5 சதுர மீட்டர்தான். ஆனா ரெண்டு விஷயம் இடிச்சுது. ஒண்ணு, பையன் பெரிசானா மாடில ரெண்டு ரூம் எடுக்கணும்னு இவங்களுக்கு ஆச, 120-க்கு மீதி இருக்கறது 240 சதுர அடிதான், அதுல ஒரு ரூமும் படியும் வந்தாலே பெருசு. இன்னொண்ணு பேங்க். பேங்க் வக்கீலு பி.டி.ஆர்ல புரயிடம்னு வந்தாதான் ஒப்பீனியன் தருவேன்னுட்டாரு. எல்லா பேங்கும் இப்படி இல்ல, சிலது இனம் மாத்தித் தர்ற ஆர்.டி.ஓ (வருவாய்க் கோட்ட அதிகாரி) ஆர்டர் இருந்தாப் போதும்பாங்க, சிலது பழைய வீட்டு நம்பர் இருந்தா பாத்துக்கலாம்பாங்க. ஆனா இளகுன பேங்கத் தேடி அலையறதுக்கு பதிலா பேப்பர நேராக்கிட்டா நாளைக்கு இவங்க விக்கறப்ப இதே கேள்விக்கு பதில் கையில இருக்கும்.

கரார் எழுதுனது

எனக்கு இந்தக் கேஸுல ரொம்பப் பிடிச்சது இதுதான். ஃபாரம் 6 ஓனர்தான் போட முடியும், அதாவது பெரியவருதான் போடணும். அவருக்கு என்ன அவசரம், வேற ஆளு ரொக்கமா குடுத்து லோன் இல்லாம வாங்கிக்குவாங்க. அவரு நேரா சொல்லிட்டாரு, "தம்பி, எனக்கு இந்த வயசுல ஆர்.டி.ஓ ஆபீஸெல்லாம் அலைய முடியாது." இவரு சத்தம் போடல. அந்தம்மாதான் பேசுனாங்க, "அய்யா, நாங்களே அலையறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, கார்ல கூட்டிட்டுப் போய் கார்ல விடறோம், ஆனா அது வர்ற வரைக்கும் பாக்கிப் பணம் கேக்கக் கூடாது." பெரியவரு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, மகள்கிட்ட ஃபோன்ல பேசிட்டு சரின்னாரு.

கரார்ல, அதான் அக்ரிமென்ட்ல, நாலு விஷயம் எழுதி வாங்குனோம். அட்வான்ஸ் 2 லட்சம், அதுல 1.8 லட்சம் நேரா கூட்டுறவு சங்கத்துல லோன் கணக்குக்கு, கஹான் ரிலீஸ் பெரியவர் பொறுப்பு. இனமாத்த ஆர்டர் வந்து பி.டி.ஆர்ல ஏறுன நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள ஆதாரம். ஆர்டர் கெடைக்காமயே போச்சுன்னா டோக்கனும் அட்வான்ஸும் திருப்பித் தரணும். வெல 27-லயே நிக்கும், ஏத்தக் கூடாது. மூணாவதுக்கு பெரியவர் தயங்குனாரு, லோன் கட்டிட்ட பணத்த எங்க இருந்து திருப்பித் தர்றதுன்னு. மகள் தான் பொறுப்புன்னு சாட்சி எடத்துல கையெழுத்துப் போட்டாங்க, சாட்சி கையெழுத்துக்கு அந்த பலம் இல்லன்னு சொல்லி மகளையும் ஒரு கட்சியா சேத்து எழுத வெச்சோம்.

பொதுவா நம்மாளுங்க கரார்ல மூணு மாசம், இல்லன்னா அட்வான்ஸ் போச்சுன்னு ஆதாரம் எழுத்தர் வெச்சிருக்கற ரெடி வாசகத்துல அப்படியே கையெழுத்துப் போட்டுருவாங்க. இந்த ஃபைல் மழ ஆரம்பிச்சப்ப போட்டது, ஓணம் போயி, மண்டல மாச மாலை போட்டவங்க கெளம்பற நேரத்துலதான் ஆர்டர் வந்துச்சு. மூணு மாசக் கெடு போட்டிருந்தா அட்வான்ஸ் தகராறுல முடிஞ்சிருக்கும். ஆர்.டி.ஓ மட்டும் பாத்துட்டிருந்தப்ப இன்னும் மோசம், ஃபைல் குமிஞ்சு போச்சுன்னுதான் 2024-ல டெபுட்டி கலெக்டர்களுக்கும் இந்த அதிகாரத்தக் குடுத்தாங்க. அப்ளிகேஷன் ஆன்லைன்தான், ஆனா வில்லேஜ் ஆபீஸ்ல இருந்து நேர்ல வந்து பாத்து ரிப்போர்ட் போடற வரைக்கும் அது நகராது, அந்த ஒரு விசிட்டுக்குத்தான் அந்தம்மா வீட்டுக்காரரு லீவு போட்டு நின்னது.

பணக்கணக்கு

27 லட்சம் வீடு, 80 சதவீதம் லோன், அப்ப 21.6 கெடைக்கும், 5.4 நம்ம கையில இருந்தாப் போதும்னு அவரு ஒரு கணக்கு போட்டு வெச்சிருந்தாரு. எல்லாரும் போடற கணக்குதான். பேங்க் வேல்யூவர் வந்து எடமும் வீடும் சேத்து 24.5னு போட்டாரு, பழைய வீடுன்னா தேய்மானம் கழிப்பாங்க. அதுல 80 சதவீதம், 19.6. ஆர்.பி.ஐ விதிப்படி 30 லட்சம் வரைக்கும் லோனுக்கு 90 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம், ஆனா அது மேல்வரம்பு, குடுத்தே ஆகணும்னு இல்ல. ஸ்டாம்ப், ரிஜிஸ்ட்ரேஷன் செலவையும் வீட்டு வெலையோட சேத்து லோன் கேக்க முடியாது, வீடு 10 லட்சத்துக்குள்ளன்னா மட்டும்தான் அது உண்டு.

அப்ப கையில இருந்து வேண்டியது: வித்தியாசம் 7.4 லட்சம், ஸ்டாம்பும் ஃபீஸும் 2.7 லட்சம், புரோக்கருக்கு 54,000, அப்பறம் வக்கீல், வேல்யூவேஷன், பேங்க் பிராசஸிங், ஆதாரம் எழுத்துக்கூலி. 11 லட்சத்துக்குக் கிட்ட. அஞ்சரைன்னு நெனச்ச எடத்துல பதினொண்ணு. அவங்க எப்படி சமாளிச்சாங்கன்னா அவரோட பி.எஃப்-ல வீட்டு அட்வான்ஸ், அந்தம்மா கட்டிட்டு வந்த கே.எஸ்.எஃப்.இ (கேரளா சர்க்கார் கம்பெனி) சீட்டு ஒண்ண ஏலத்துல எடுத்தது, மாமியார் வீட்டுல இருந்து கொஞ்சம். நகை வெச்சு எடுக்கறதுக்கு அந்தம்மா ஒத்துக்கல, ஈ.எம்.ஐ ஆரம்பிக்கற மாசத்துலயே நகை வட்டியும் சேந்தா மூச்சு முட்டும்னாங்க, ரொம்ப சரி.

ஈ.எம்.ஐ, 8.5 சதவீதம் 20 வருஷம்னா லட்சத்துக்கு 868 ரூபா, 19.6-க்கு 17,000. ரெண்டு பேரு கைக்கு வர்றது 47,000. ஓடும். ஃப்ளோட்டிங் வட்டின்னா நடுவுல சேத்துக் கட்டுனா பெனால்டி கெடையாதுன்னு ஆர்.பி.ஐ எப்பவோ சொல்லியாச்சு, போனஸ் வந்தா அசலுக்குப் போடுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

நடுவுல பெரியவர் மகள் ஒரு யோசன சொன்னாங்க, ஆதாரத்துல 18 லட்சம் காட்டலாம், மீதி ரொக்கம், ரெண்டு பக்கமும் லாபம்னு. 9 லட்சத்துக்கு 10 சதவீதம், 90,000 மிச்சம், கேக்க இனிப்பாதான் இருக்கும். ஆனா லோன் ஆதாரத்துல காட்டுன வெலைக்குத்தான், 18-க்கு 80 சதவீதம்னா 14.4, மீதி ரொக்கத்துக்கு எங்க போறது. அதுக்கு மேல, சொத்து விக்கறவங்க 20,000-ம் அதுக்கு மேலயும் ரொக்கமா அட்வான்ஸ் வாங்குனா வருமான வரிச் சட்டத்துல வாங்குன தொகை அளவுக்கே அபராதம், அதாவது மாட்டறது பெரியவரு. இத நிதானமா சொன்னவொடனே அந்தப் பேச்சு நின்னுச்சு.

கோயமுத்தூர்ல சம்பளக் கணக்கு இருக்கற பிராஞ்சுல லோன் கேட்டப்ப கேரளா சொத்துன்னதும் பாலக்காட்டு பிராஞ்சப் பாருங்கன்னுட்டாங்க. பேங்க் ஒண்ணுதான், ஆனா ஒப்பீனியன் குடுக்கற வக்கீலும் அந்தந்தப் பக்கத்து ஆளா இருக்கணும். மொத சேங்ஷன் லெட்டர் ஆர்டர் வர்றதுக்குள்ள காலாவதியாச்சு, திரும்ப சிபில் (கடன் ஸ்கோர்) எடுத்தாங்க. அதுக்காகவே புது பைக் ஆசைய அவரு தள்ளி வெச்சிருந்தாரு.

வழியும் தண்ணியும்

இது ரெண்டும் பேப்பர்ல கொஞ்சம், நேர்ல கொஞ்சம். வீட்டு முன்னாடி இருக்கற மண் ரோடு பஞ்சாயத்து ரோடு இல்ல, பக்கத்துத் தோட்டக்காரர் எடத்துல விட்ட வழி. முன்னாதாரத்துல அத நடவழின்னு மட்டும் எழுதியிருந்தா வண்டி போறதுக்கு நாளைக்கு ஒருத்தர் குறுக்க நிக்கலாம். நம்ம நல்ல நேரம், 3 மீட்டர் வண்டி வழின்னே எழுதிருந்துச்சு. லொகேஷன் ஸ்கெட்ச்சுலயும் அது வரணும்னு கேட்டு வாங்குனோம். அளந்து பாத்தப்ப ரசீதுல இருக்கற 2 ஆர் 63 சதுர மீட்டர் ஓரளவுக்கு சரியா நின்னுச்சு, ஒரு ஆர்னா சுமார் 2.47 சென்ட்.

தண்ணிக்கு, அவங்க மொத மொத வீடு பாத்தது ஐப்பசி மழைல, போர்ல தண்ணி கொட்டுச்சு. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை இந்தப் பக்கம் எல்லாம் பங்குனி சித்திரைலதான் போர் தன் கொணத்தக் காட்டும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட வெயில்ல எத்தன மணி நேரம் ஓடும்னு கேட்டாங்க, கால் மணில காத்து வந்துரும், விட்டு விட்டுப் போடணும், உப்பும் உண்டுன்னு அவங்க மறைக்காம சொன்னாங்க. குடிக்கறதுக்கு குழாய்த் தண்ணி இருக்கு, ஆனா தெனமும் வராது. தொட்டி பெருசாக் கட்டணும்னு ஒரு செலவு கூடுச்சு, அத 27-ல கொறைக்க முடியுமான்னு கேட்டுப் பாத்தாங்க, பெரியவரு அசையல.

ஆதாரம்

பதிவுக்கு முந்துன நாள் ஆதாரம் எழுத்தர் ஆபீஸ்ல டிராஃப்ட்ட வாசிச்சாரு. மலையாளத்துல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி, அப்படியே கடகடன்னு போனாரு. மச்சான் எல்லை வர்ற எடத்துல மட்டும் காத தீட்டிட்டு இருந்தாரு. அந்தம்மா ரெண்டு எடத்துல நிறுத்துனாங்க. "சேட்டா, அந்த வழி எழுதுன வரி இன்னொருக்கா." அவரு படிச்சாரு, 3 மீட்டர் வீதியுள்ள வண்டி வழி. ரெண்டாவது, எடத்தோட இனம். "ஆர்.டி.ஓ ஆர்டர் நம்பரும் தேதியும் இதுல வரலயே?" எழுத்தர் கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டு, புரயிடம்னு போட்டிருக்கேனே போதாதான்னாரு. போதாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க, பென்சில்ல எழுதி சேத்துக்கிட்டாரு. வகுப்புல பசங்க நோட்டு திருத்தற பழக்கம் போல.

பதிவு அன்னிக்கு பெரிசா ஒண்ணும் நடக்கல, பேங்க் ஆளு டி.டி-யோட வந்தாரு, சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கைரேகை, ஃபோட்டோ, முடிஞ்சுது. ரெண்டு பேர் பேர்லயும் சேத்துத்தான் பதிஞ்சாங்க. ஒரிஜினல் ஆதாரம் பேங்குக்குப் போயிருச்சு. லோன் முடிஞ்சா 30 நாளைக்குள்ள அதத் திருப்பித் தரணும், தாமதம் பேங்கோட தப்புன்னா நாளுக்கு 5,000 ரூபா நஷ்ட ஈடுன்னு 2023-ல ஆர்.பி.ஐ சொல்லிருக்கு, இருவது வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்கட்டும்னு ஃபைல் அட்டைலயே எழுதிக் குடுத்தேன்.

போக்குவரவு ஆச்சு, இவங்க பேர்ல மொத கரம் ரசீது வந்துச்சு. பஞ்சாயத்துல ஓனர்ஷிப் மாத்தறதுக்கு குடுத்திருக்காங்க. மாடி எடுத்தா வீடு 100 சதுர மீட்டர தாண்டும், அப்ப தாலுகா ஆபீஸுக்குக் கட்டற ஒத்தத் தடவ கட்டட வரி வரும், அத ஒரு ஓரமா எழுதி வெச்சிருக்காங்க. கே.எஸ்.இ.பி கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் பெரியவர் பேர்லயே ஓடுது, பஞ்சாயத்து ஓனர்ஷிப் சர்ட்டிபிகேட் வந்தவொடனே அதுக்கு எழுதிக் குடுக்கணும்.